வேந்துறு தொழிலும் தன்னுறு தொழிலும்: மைய அரசு வலுவற்ற தகடூர் எல்லைநிலத்தில் சமூகமும் அரசியலும்

ஆய்வுச்சுருக்கம்

தகடூர், செங்கம் பகுதிகளில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்கள் பெரிதும் அரசர் காலவரிசையைத் துணிவதற்கும் வீரவழிபாட்டை விளக்குவதற்கும் சான்றுகளாகப் பயன்படுத்தப்பெற்றுள்ளன. மைய அரசின் ஆணை நேரடியாகச் சென்று சேராத ஒரு நிலப்பகுதியில் மக்கள் எவ்வாறு ஒழுங்கையும் பாதுகாப்பையும் அமைத்துக்கொண்டனர் என்னும் வினாவை அக்கற்களிடம் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆநிரை கோடலுக்கு வேந்தன் ஆணை வேண்டுமா என்பது குறித்து இலக்கண மரபில் நிகழ்ந்த கருத்து வேறுபாடு இதற்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. நடுகல் வாசகங்களின் தொடரமைப்பில் அரசன் ஆண்டைக் குறிக்கும் பெயராக மட்டுமே நிற்பதும், செயலும் பொறுப்பும் உள்ளூர்த் தலைவர், அவரைச் சார்ந்தோர், ஊரார் ஆகியோரிடம் இருப்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடுகல், தொறுப்பூசல், வெட்சி, தகடூர் நாடு, எல்லைநிலம், அரசின்மை.

1. முன்னுரை

அரசு இல்லாத இடத்தில் ஒழுங்கும் இல்லை என்பது பொதுவாக நிலவும் கருத்து. இதற்கு மாறாக, அரசற்ற சமூகங்களுக்கும் தமக்குரிய சட்டமும் தண்டனையும் உண்டு என்பதை 20ஆம் நூற்றாண்டு மானிடவியல் எடுத்துக்காட்டியது. எவான்சு பிரிட்சார்டு தெற்குச் சூடானின் நூவர் மக்களைப் பற்றி 1940இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் முன்னோடியானது. பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் இடைக்காலத் தென்னிந்திய அரசைக் கூறாக்க அரசு என விளக்கி, மன்னனின் இறைமை பெரும்பகுதி நிலங்களில் சடங்கு நிலையிலேயே நின்றது என வாதிட்டார். அவர் கருத்து சோழ மண்டலத்தைப் பொறுத்தவரை எ. சுப்பராயலு, நொபொரு கராசிமா ஆகியோரின் கல்வெட்டாய்வுகளால் மறுபரிசீலனைக்கு உள்ளானது. எனினும் அவ்விவாதம் பெரும்பாலும் காவிரிச் சமவெளியை மையமாகக் கொண்டே நடந்தது. மேட்டுநிலமாகிய தகடூர் நாடு அதில் உரிய இடம் பெறவில்லை.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களையும் 1975இல் தருமபுரிக் கல்வெட்டுகளையும் தொகுத்து வெளியிட்ட பின்னர், இப்பகுதியின் சமூக வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் ஆய்வாளர் கைக்கு எட்டின. அரசு வலுவற்ற நிலத்தின் அரசியலை அந்நிலத்தாரே கல்லில் எழுதிவைத்திருப்பது அரிய வாய்ப்பாகும். தருமபுரி மாவட்டம் கடத்தூரை மையமாகக் கொண்டு இந்நிலப்பகுதியை நோக்கும்போது அவ்வாய்ப்பின் அருமை மேலும் தெளிவாகிறது.

2. நிலமும் எல்லையும்

கடத்தூர் தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. தெற்கே சேர்வராயன் மலையும் தென்கிழக்கே சித்தேரி மலையும் உள்ளன. சேர்வராயனில் தோன்றும் வாணியாறு அரூர்ப் பக்கம் ஓடித் தென்பெண்ணையைச் சேர்கிறது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 850 மி.மீ. ஆகும். ஆற்றுப்பாசனத்தால் நிலையான நெல் விளைச்சல் தரும் நிலம் குறைவு. கேழ்வரகு, சாமை போன்ற புன்செய்ப் பயிர்களும் கால்நடையுமே வாழ்வுக்கு அடிப்படை. மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குரிய ஆலம்பாடி மாட்டினம் இம்மேய்ச்சல் மரபின் எச்சமாக இன்றும் அறியப்படுகிறது.

இந்நிலத்தின் அரசியல் இருப்பைத் தொலைவு தெளிவாக்கும். கடத்தூரிலிருந்து பல்லவர் தலைநகராகிய காஞ்சிபுரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 175 கி.மீ.; மேலைக் கங்கரின் தலைநகராகிய தலைக்காடு ஏறத்தாழ 140 கி.மீ. எனவே இப்பகுதி இரு பேரரசுகளுக்கும் விளிம்பாகவே இருந்தது. வாணர், கங்கர், நுளம்பர் ஆகியோரின் செல்வாக்கு இங்கு மாறிமாறிப் படர்ந்தது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகடூர் நுளம்பர் வசமிருந்தது. சோழர் காலத்தில் இப்பகுதி நிகரிலிசோழ மண்டலத்துள் அடங்கியது. ஆட்சி மாறினும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. நெல்லை அளந்து வரி கொள்வது எளிது. மேயும் ஆநிரையை எண்ணி வரி கொள்வது அரிது. நெல் வயலைத் தூக்கிச் செல்ல இயலாது. ஆநிரையை ஓர் இரவில் ஓட்டிச் செல்ல இயலும். ஆகவே இங்குச் செல்வமே நடமாடும் இயல்பினது. அதைக் காக்கும் அதிகாரமும் அருகில் இருந்தாலன்றிப் பயன்படாது.

3. இலக்கண மரபில் ஆணைச் சிக்கல்

ஆநிரை கோடலை அரசனோடு எவ்வாறு தொடர்புறுத்துவது என்பது புறத்திணை இலக்கணத்தின் பழைய சிக்கல்களுள் ஒன்று. தொல்காப்பியம் வெட்சியை வேந்தனால் ஏவப்பட்ட முனைஞர் வேற்றுப்புலத்து ஆக்களைக் களவிற் கவர்ந்து பேணுதலாக வரையறுக்கிறது. இதன்படி ஆணை முந்தியது; கவர்தல் பிந்தியது. ஆனால் பன்னிருபடலம் வெட்சியைத் தன்னுறு தொழில், வேந்துறு தொழில் என இரண்டாகப் பகுத்தது. அதன் வழிவந்த புறப்பொருள் வெண்பாமாலையும் மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்னும் பகுப்பைப் போற்றியது. மறவர் தாமே எண்ணிச் சென்று நிரை கொள்வதும் இதனால் திணைக்குள் இடம்பெற்றது.

இப்பகுப்பை இளம்பூரணர் ஏற்கவில்லை. ஆணையின்றிக் களவில் ஆநிரை கொள்வோர் அரசனது ஆணையினின்று நீங்கியவராவர் என்பது அவர் தரும் காரணம். அதனைக் கொண்டே பன்னிருபடலத்து வெட்சிப்படலம் தொல்காப்பியர் கூறியதாகாது எனவும் அவர் முடிவு செய்கிறார். இம்மறுப்பை நூலாசிரியர் பற்றிய விவாதமாக மட்டும் கொள்வது போதாது. முறையான வன்முறை யாருடையது என்னும் அரசியல் வினா அதனுள் உள்ளது. வேந்தன் ஏவினால் அது போர். ஏவாவிடில் அது களவு. இவ்வாறு பிரிப்பதற்கு வேந்தனின் ஆணை எங்கும் செல்லும் என்னும் முற்கோள் தேவைப்படுகிறது. அம்முற்கோள் பொருந்தாத நிலத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு நூல்களைவிட நடுகற்களே நேரிய சான்றாகின்றன.

4. நடுகல் வாசகத்தின் தொடரமைப்பு

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிக்கிறது. அதில் ஊர் உண்டு, நிகழ்ச்சி உண்டு, இறந்தவன் பெயர் உண்டு, அரசன் பெயர் இல்லை. தொல்காப்பியம் வழங்கும் ஆகோள் என்னும் சொல்லே கல்லிலும் இடம்பெறுவதால் இலக்கணமும் வாழ்வும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பது தெளிவு. ஆயினும் இலக்கணம் வேண்டும் வேந்தன் கல்லில் காணப்படவில்லை.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த செங்கம், தருமபுரிப் பகுதி வட்டெழுத்துக் கற்களில் அரசன் பெயர் இடம்பெறுகிறது. அவ்வாசகங்கள் பொதுவாக அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாட்டுப்பெயர் அல்லது தலைவன் பெயர், பூசல் நிகழ்ந்த சூழல், வீழ்ந்தவன் பெயர், கல் என்னும் முடிபு ஆகிய வரிசையில் அமைகின்றன. இவற்றின் வேற்றுமை உறவுகளை நோக்குதல் பயன் தரும். அரசன் பெயர் பருமற்கு என நான்காம் வேற்றுமையில் நின்று ஆண்டோடு முடிகிறது. அவன் எவ்வினைக்கும் எழுவாயாவதில்லை. ஏவினான், கொடுத்தான், காத்தான் என்னும் வினை எதுவும் அவனைச் சார்வதில்லை. பட்டான் என்னும் முற்றுவினை வீரனுக்குரியது. சில கற்களில் நாடு ஆளுதலைக் குறிக்கும் வினையெச்சம்கூட உள்ளூர்த் தலைவனுக்கே உரியதாகிறது. எனவே அரசன் இங்குக் காலத்தின் பெயராக வழங்குகிறான் எனலாம்.

முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த எடுத்தனூர் நடுகல் இதற்குத் தக்க சான்று. அதில் அரசனுக்குப் பின் வாணகோ அரைசர் குறிக்கப்படுகிறார். அவர் மருமக்கள் பொற்றொக்கையார். அவர் இளமகன் கருந்தேவக்கத்தி. இவனே எருமை நிரையின் பொருட்டு இறந்தவன். கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அக்கல்லில் உள்ளது. கல்லில் வீரனின் உருவோடு அந்நாயின் உருவும் செதுக்கப்பட்டுள்ளது. அரசனிலிருந்து வீரன்வரை நான்கு படிகள் இறங்குகின்றன. இறங்க இறங்கச் செய்தி விரிகிறது. அரசனைப் பற்றி ஆண்டுக்கணக்கு தவிர ஏதும் கூறப்படவில்லை. நாயின் செயலோ பெயரோடு கூறப்படுகிறது. கல்லை நட்டோருக்கு அன்று எது அண்மையது, எது சேய்மையது என்பதை இச்சொற்பங்கீடே உணர்த்துகிறது.

இக்கல்லில் நிரை கவர வந்தோர் கள்வர் எனப்படுகின்றனர். பகைமன்னன் படை என்னும் குறிப்பு இல்லை. ஆகவே இங்கு நிகழ்ந்தது இளம்பூரணர் கருத்துப்படி ஆணை நீங்கிய செயலே. ஆனால் அதைத் தடுத்தவன் வேந்தனின் அலுவலன் அல்லன். ஒரு தலைவனைச் சார்ந்த இளமகன். வேறு பல கற்களில் பூசலின் இரு தரப்பிலும் உள்ளூர்த் தலைவரும் அவர்தம் சேவகருமே காணப்படுகின்றனர். நிரையை மீட்டுப் பட்டவனுக்குக் கல் நடப்பட்டது போலவே நிரையைக் கொண்டு பட்டவனுக்கும் அவன் ஊரார் கல் நட்டனர். ஓர் ஊருக்குக் களவாகப்பட்டது பிறிதோர் ஊருக்கு வீரமாகப்பட்டது. இரு தரப்புக்கும் மேலே நின்று தீர்ப்புக் கூறிய குரல் எதனையும் இக்கற்கள் பதிவு செய்யவில்லை.

5. ஒழுங்கின் பிணைப்புகள்

தீர்ப்புக் கூறும் மைய அதிகாரம் இல்லாதபோதும் இச்சமூகம் சிதறிப்போகவில்லை. அதனைப் பிணைத்த உறவுகள் மூன்று.

முதலாவது, தலைவனுக்கும் அவனைச் சார்ந்தோருக்கும் உள்ள உறவு. மருமக்கள், இளமகன், சேவகன் என வாசகங்களில் வரும் சொற்கள் உறவுமுறையையும் பணிமுறையையும் ஒருங்கே சுட்டுகின்றன. பதவியால் வந்த உறவாயின் பதவி மாற அது முடியும். இவ்வுறவு பிறப்பாலும் வளர்ப்பாலும் அமைந்து, பேரரசு மாறினும் தொடர்ந்தது.

இரண்டாவது, ஊருக்கும் தொறுவுக்கும் உள்ள உறவு. தொறு என்பது ஆநிரையைக் குறிக்கும் கல்வெட்டு வழக்கு. ஊர்ப்பெயரால் சுட்டப்படும் தொறுவை இழத்தல் ஊரின் வாழ்வையே இழத்தலாகும். எனவே அதை மீட்டவனின் செயல் பொதுச்செயலாயிற்று. புலியோடு பொருது பட்டவனுக்கும் கல் நட்டுள்ளமை இதனை உறுதிப்படுத்துகிறது. பகை மனிதனாயினும் விலங்காயினும் ஊரைக் காத்து வீழ்தலே மதிப்பின் அளவுகோல்.

மூன்றாவது, இருப்போருக்கும் இறந்தோருக்கும் உள்ள உறவு. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து ஆகிய ஆறு நிலைகளும் ஒருவரால் செய்யத்தக்கன அல்ல. கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், நடுதல், படையலிடல் யாவும் பலர் கூடிச் செய்பவை. வீழ்ந்தவனுக்கு ஊர் கடன்பட்டது என்பதை ஊரே முன்வந்து அறிவிக்கும் முறை இது. வீழ்ந்தவன் குடும்பத்துக்கு நிலம் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்னும் சொற்களால் குறிக்கின்றன. கன்னடக் கல்வெட்டுகளில் கல்நாடு என்னும் வழக்கு உண்டு. தான் இறந்தால் தன் பெயர் நிற்கும், தன் மக்கள் கைவிடப்படார் என்னும் நம்பிக்கை இன்றி ஊதியமில்லாக் காவல் நீடித்திருக்க இயலாது. நடுகல் அந்நம்பிக்கைக்குப் பொதுச்சான்றாக நின்றது.

சமவெளியோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் குடவோலை முறையையும் உறுப்பினர் தகுதிகளையும் விதிகளாக வகுக்கின்றன. அங்கு அரசாணையின் முன்னிலையில் ஊர்ச்சபை தன் விதியைக் கோயில் சுவரில் பொறித்தது. தகடூர் மேட்டுநிலக் கற்கள் விதியைப் பொறிப்பதில்லை. விதியின்படி நடந்தவனையே பொறிக்கின்றன.

6. ஓர் ஒப்பீடு: சோமாலியா

மைய அரசற்ற மேய்ச்சல் சமூகத்தின் அண்மைக்கால எடுத்துக்காட்டாகச் சோமாலியா பெரிதும் சுட்டப்படுகிறது. அங்கு 1991 ஜனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்த பின்னர் நெடுங்காலம் நாடு முழுமைக்குமான வலிமையுள்ள அரசு அமையவில்லை. தலைநகர்ப் பகுதி ஆயுதக் குழுத் தலைவர்களின் போர்க்களமாயிற்று. எனினும் ஈர் எனப்படும் குலவழக்குச் சட்டம் பல இடங்களில் தொடர்ந்து இயங்கியது. கொலைக்கும் காயத்திற்கும் குலத்தார் கூட்டாக ஒட்டகங்களால் இழப்பீடு செலுத்தும் முறையை ஐ. எம். லூயிஸ் 1961இலேயே விரிவாக எழுதியுள்ளார். வடக்கே சோமாலிலாந்தில் 1993ஆம் ஆண்டு போராமா நகரில் கூடிய குல முதியோர் மாநாடு ஆட்சியமைப்புக்கு வழிவகுத்தது.

இவ்வொப்பீட்டில் ஒற்றுமையைப் போலவே வேற்றுமையும் கருதத்தக்கது. இரு இடங்களிலும் செல்வம் கால்நடை. பாதுகாப்பு உறவுமுறையின் பொறுப்பு. ஆனால் சோமாலிய வழக்கு இழப்பீட்டால் இரு குலங்களையும் ஓர் உடன்பாட்டிற்குக் கொணர்கிறது. தகடூர்க் கற்கள் இழப்பீட்டைப் பேசுவதில்லை. தம் தரப்பில் வீழ்ந்தவனின் சிறப்பையே பேசுகின்றன. அவை ஓர் ஊரை உள்ளே பிணைத்தனவேயன்றி இரு ஊர்களை இணைக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் அடுத்த பூசலுக்கான ஊக்கமாகவும் அமைந்திருத்தல் கூடும். இவ்வொழுங்கின் வலிமையும் குறையும் இதிலேயே அடங்கியுள்ளன.

7. கல் கூறாதவை

அரசின்மையைப் பொற்காலமாகக் காட்டுவதற்கு இக்கற்கள் இடம் தருவதில்லை. நிரையை நாள்தோறும் மேய்த்தவர் யார் என்பதைத் தொறுப்பூசற் கற்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. படைக்கலம் ஏந்தி வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. காலமெல்லாம் காடுமேடுகளில் நிரையோடு அலைந்தவனுக்கு இல்லை. வீழ்ந்தவனின் மனைவியும் தாயும் வாசகங்களில் அரிதாகவே தோன்றுகின்றனர். இவ்விடைவெளியைச் சங்கப்பாடல்களே ஓரளவு நிரப்புகின்றன. அள்ளூர் நன்முல்லையார் பாடிய புறநானூற்று 306ஆம் பாடல், நடுகல்லை நாள்தோறும் வழிபட்டு விருந்தினரையும் தன் கணவனுக்குப் போரையும் வேண்டும் மறக்குடிப் பெண்ணைக் காட்டுகிறது. பூசல் நீடிக்க வேண்டும் என்று அவளே வேண்டுமளவுக்கு அக்குடியின் வாழ்வு பூசலைச் சார்ந்திருந்தது. இதனைப் பெருமிதமாக மட்டும் படிப்பது அவ்வாழ்வின் நெருக்கடியைக் காணத் தவறுவதாகும்.

8. இன்றைய வாசிப்பின் பொறுப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. கடத்தூரைச் சூழ்ந்த பகுதியிலும் அப்பெயரைத் தாங்கிய மனிதர் பலர். கல்லின் வாசகத்தைப் படிக்க இயலாத தலைமுறைகளும் அதனைக் கைவிடாது காத்தமைக்கு இவ்வழிபாடே காரணம். ஆயினும் திருப்பணியின்போது கற்களின்மீது வண்ணம் பூசுவதாலும் சிமெண்டில் பதிப்பதாலும் எழுத்துகள் மறைகின்றன. வழிபடுவோரைக் குறைகூறுவதால் இது தீராது. வாசகத்தின் பொருளை அவ்வூராருக்கே படித்துக் கூறுதலும், பணிக்கு முன் படியெடுத்தலும் ஆய்வாளரின் கடமைகளாகும்.

இதனினும் கவலைக்குரியது, கற்களைச் சாதிப் பெருமைக்குரிய சான்றுகளாக்கும் போக்கு. எடுத்தனூர்க் கல்லில் வரும் கள்ளன் என்னும் சொல் களவு செய்தவனையே குறிக்கிறது, சாதிப்பெயரைக் குறிக்கவில்லை. அவ்வாறே சேவகன், இளமகன், அரைசர் என்பன உறவையும் பணியையும் நிலையையும் சுட்டும் சொற்கள். அவற்றுக்கு இன்றைய சாதிகளுள் ஒன்றை ஏற்றிப் பொருள் கொள்வது மொழிவரலாற்றுக்கு ஒவ்வாது. சாதிப் பூசலால் பலமுறை காயமுற்ற இம்மாவட்டத்தில் அத்தகைய வாசிப்பு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஊருக்காக வீழ்ந்தவன் என்று ஊரார் நட்ட கல்லை ஒரு பிரிவினரின் உரிமைக்கல்லாக மாற்றுவது, அக்கல் நடப்பட்ட நோக்கத்தையே மறுப்பதாகும்.

9. முடிவுரை

தன்னுறு தொழில், வேந்துறு தொழில் என்னும் இரு வகைக்குள் தகடூர்க் கற்களை அடக்க இயலவில்லை. அவற்றில் வேந்தனின் ஏவல் இல்லை. தனிமனிதனின் விருப்பமும் தனித்து நிற்கவில்லை. தலைவன், உறவு, ஊர், தொறு ஆகியவற்றின் பிணைப்பால் எழுந்த செயலே அவற்றில் பதிவாகியுள்ளது. பன்னிருபடலத்தின் பகுப்பு அந்நிலத்தின் நடைமுறைக்கு ஓரளவு இடம் தந்தது. இளம்பூரணரின் மறுப்பு, ஆணை எங்கும் செல்லும் அரசை முன்வைத்தது. இரு கருத்துகளும் இரு வேறு நிலங்களின் அரசியலைப் பின்புலமாகக் கொண்டவை எனக் கருதின், உரையாசிரியர் விவாதம் சமூக வரலாற்றுக்கும் மூலமாகிறது.

நடுகல் வாசகங்களில் அரசன் பெயர் இருப்பதைக் கொண்டு அவன் ஆட்சி அங்கு நிலைபெற்றிருந்தது எனத் துணிதல் பொருந்தாது. வினைமுற்று யாருக்குரியது, ஏழுத்தொடரில் யார் எவ்வேற்றுமையில் நிற்கிறார் என்பவற்றை நோக்கியே அதிகாரத்தின் இருப்பிடத்தை அறிதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், மைய அரசு வலுவற்ற தகடூர் எல்லைநிலத்தில் ஒழுங்கு இருந்தது. அதற்கு விலையும் இருந்தது. அவ்விலையைச் செலுத்தியவர்களுள் சிலர் பெயர் மட்டுமே கல்லில் நிற்கிறது. ஏனையோரையும் கணக்கில் கொள்ளும் வாசிப்பே இனிவரும் நடுகல் ஆய்வுகளுக்குத் தேவை.